எம்.சி.ஜி.யில் அமெரிக்கக் கால்பந்து: என்.எஃப்.எல். நிர்வாகத்துக்கும் விக்டோரிய அரசுக்கும் ஒரு திறந்த மடல்

என்.எஃப்.எல். அமைப்பின் ஆஸ்திரேலிய அலுவலக நிர்வாகிகளுக்கும், விக்டோரிய மாநில அரசில் பெரிய விளையாட்டு நிகழ்வுகளுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் பருவத்தில், தரவரிசைக் கணக்கில் சேரும் ஆட்டம் ஒன்று ஆஸ்திரேலிய மண்ணில் முதன்முறையாக 2026-இல் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் நடைபெறும் என்றும், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அதைத் தனது சொந்த ஊர் ஆட்டமாக ஆடும் என்றும், ஓர் ஆட்டத்தோடு நில்லாமல் பல ஆண்டுகளுக்கு இது தொடரும் என்றும் 2025 பிப்ரவரியில் நீங்கள் அறிவித்தீர்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் எங்கே இரண்டு விளையாட்டு ரசிகர்கள் சந்தித்தாலும் பேச்சு ஏதோ ஒரு கட்டத்தில் இதைத் தொட்டுவிடுகிறது. திங்கட்கிழமை விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகலில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. பத்து நிமிடம் பார்த்தேன், அதற்குள் மூன்று முறை விளம்பரம் வந்துவிட்டது, போதுமடா சாமி என்று அணைத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த இரு சாராரையும் ஆதரவு, எதிர்ப்பு என்று தலை எண்ணிக் கணக்கெடுத்து, ஆதரவு கூடுகிறது என்று அறிக்கை எழுதி முடித்துவிடுவீர்களோ என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் பெரும்பாலான ரசிகர்களிடம் இந்த இரண்டு மனநிலையும் சேர்ந்தே இருக்கிறது. என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்ப்பவரே, அடுத்த வாரம் அதே ஆட்டத்தின் நீளத்தைக் குறை சொல்கிறார். அவர் சொல்லும் குறையில் விளையாட்டை அறிந்தவரின் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கு ஏற்ப நடந்துகொண்டால் உங்கள் ஆட்டம் இங்கே வேர் பிடிக்கும் என்று நம்புகிறேன். கேட்காவிட்டாலும் மைதானம் நிரம்பும். ஆனால் நிரம்பிய மைதானம் எதையும் நிரூபிக்காது என்பதற்கு இந்த நாட்டில் போதிய வரலாறு இருக்கிறது.

1999 ஆகஸ்டில் சிட்னியின் ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவில் டென்வர் பிராங்கோஸ் அணியும் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியும் பருவத்துக்கு முந்தைய காட்சி ஆட்டம் ஒன்றை ஆடின. 20-17 என்று டென்வர் வென்ற அந்த ஆட்டத்துக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதற்குப் பிறகு என்.எஃப்.எல். அணிகள் இந்தப் பக்கம் தலைகாட்டக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2016-இல் கலிபோர்னியா, ஹவாய் பல்கலைக்கழக அணிகளும், 2017-இல் ஸ்டான்ஃபோர்டு, ரைஸ் பல்கலைக்கழக அணிகளும் சிட்னியில் ஆடின. அவையும் வந்த வேகத்தில் போயின. மெல்பர்னைப் பொறுத்தவரை, நல்ல நிகழ்ச்சி எது வந்தாலும் திரண்டு போய்ப் பார்ப்பது இந்த ஊரின் குணம். 2013-இல் லிவர்பூல் அணி மெல்பர்ன் விக்டரி அணியுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆட வந்தபோது எம்.சி.ஜி.யில் 95,446 பேர் கூடினார்கள். 2022 அக்டோபரில் இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது 90,293 பேர் வந்தார்கள். தமிழர்கள் உட்பட இங்கே குடியேறிய தெற்காசியர்களில் எத்தனையோ பேர் அன்று குடும்பத்தோடு அந்த மைதானத்தில் இருந்தார்கள். ஆகவே உங்கள் ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேர் வரக்கூடும். அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு தாமாக ஓர் ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பார்கள் என்பதே உங்களுக்கு முன்னால் உள்ள கேள்வி.

எங்கும் முதலில் கேட்கும் குறை, ஆட்டம் அடிக்கடி நின்றுவிடுகிறது என்பது. கடிகாரக் கணக்கில் அறுபது நிமிட ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய பதினொரு நிமிடம்தான் என்று 2010-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அளந்து எழுதியது, இன்று வரை இங்குள்ள மதுக்கடை விவாதங்களில் மேற்கோளாக வருகிறது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பெரிய இடைஞ்சல். ஃபுட்டி என்று நாங்கள் அழைக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு கால் பகுதி தொடங்கினால் அரை மணி நேரம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். களத்தில் இருக்கும் ஒவ்வோர் அணியின் பதினெட்டுப் பேரும் எல்லா வேலையும் செய்வார்கள். உதைக்க மட்டும் ஒருவர், தடுக்க மட்டும் ஒருவர் என்ற பிரிவினை கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஊறியவருக்கு, ஒரு பந்து வீசி ஆறு விநாடியில் எல்லாம் முடிந்து, நாற்பது விநாடி கூடிப் பேசிவிட்டு மறுபடி வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால் பொறுமை போவது இயற்கை.

ஆனால் இந்தக் குறையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலிய ரசிகருக்குப் பொறுமை இல்லை, அவருக்கு ஐந்து நிமிடத் தொகுப்புக் காணொளி போதும் என்று நீங்கள் முடிவுகட்டினால் அது தவறான முடிவாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்க்க இதே எம்.சி.ஜி.யில் வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் இதே மக்கள்தான். கிரிக்கெட்டிலும் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே அரை நிமிடத்துக்கு மேல் போகிறது. ஓவருக்கு ஓவர் களம் மாறுகிறது. அந்த இடைவெளி அவர்களுக்குச் சலிப்பதில்லை. தலைவர் ஏன் ஒருவரை ஷார்ட் லெக்குக்கு நகர்த்துகிறார், வேகப்பந்து வீச்சாளர் எதற்காகத் தன் கோணத்தை மாற்றுகிறார், மட்டையாளர் ஏன் கோட்டை விட்டு ஓரடி முன்னே நிற்கிறார் என்று அந்த அரை நிமிடத்தில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அப்பாவும் மாமாவும் வானொலி வர்ணனையாளரும் சொல்லிச் சொல்லி அதைப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்திலும் அந்த நாற்பது விநாடியில் நடப்பதுதான் பாதி ஆட்டம். எதிரணியின் காப்பாளர்கள் எத்தனை பேர் முன்வரிசைக்கு வருகிறார்கள், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையசைத்துத் திட்டத்தை ஏன் மாற்றுகிறார், ஓரத்தில் நின்றவர் பந்து வருவதற்கு முன்பே ஏன் குறுக்கே ஓடுகிறார் என்பவற்றைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு ஒரு விநாடிகூட வீண் இல்லை. இங்குள்ள ரசிகருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய நேரத்தில் விளம்பரம் ஓடுகிறது. விளம்பரம் இல்லாதபோது, இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவர்களை மனத்தில் வைத்துப் பேசும் அமெரிக்க வர்ணனை ஓடுகிறது. இதுதான் குறையின் மூலம்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா ஒரே விளையாட்டு நாடாக இல்லை. வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978-இல் பேரசி கோடு என்று பெயரிட்ட ஒரு கற்பனை எல்லை இந்த நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கோட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் சிட்னி, பிரிஸ்பேன் மக்கள் ரக்பி லீக்கைக் கொண்டாடுகிறார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருக்கும் மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் மக்கள் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய கருத்தும் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டியே பிரிகிறது. ரக்பி லீக் ரசிகருக்கு, வரம்புக்கு உட்பட்ட முயற்சிகளில் பந்தை முன்னேற்ற வேண்டும், முடியாவிட்டால் உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற சிந்தனை புதிதல்ல. 1960-களில் அந்த ஆட்டம் நான்கு டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துதல்) வரம்பைக் கொண்டுவந்தது, பின்னர் அது ஆறாக உயர்ந்தது. எனவே அமெரிக்கக் கால்பந்தில் நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி, என்றதும் சிட்னிக்காரருக்குப் பாதி புரிந்துவிடுகிறது. மெல்பர்ன்காரருக்கு அப்படியில்லை. அவருடைய ஆட்டத்தில் ஆஃப்சைடு விதி கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம், எந்தப் பக்கமும் பந்தைத் தள்ளலாம். இருந்தும் நீங்கள் மெல்பர்னைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஒரு லட்சம் இருக்கைகள் இருக்கும் மைதானமும் கூடவே வரும் அரசு ஆதரவும் காரணமாக இருந்திருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் ஆட்டத்துக்குள் இருக்கும் ஒரு வாசல் மெல்பர்ன்காரருக்கு மட்டுமே இயல்பாகத் திறக்கும் என்பதை நீங்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாசல், உதை. அமெரிக்காவில் பண்ட் என்பது தோல்வியை ஒப்புக்கொள்ளும் செயலாகவே பலருக்கும் படுகிறது; மூன்று முயற்சியிலும் பத்து கெஜம் கிடைக்கவில்லை, ஆகவே பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுக் காப்புக்குத் திரும்புகிறோம் என்று பொருள்; அந்த நேரத்தில் அமெரிக்க ரசிகர் குளிர்பதனப் பெட்டியைத் திறக்க எழுந்துபோகிறார். இந்த ஊரில் உதைதான் கலை. மெல்பர்ன் அணிக்காக ஆடிய டேரன் பென்னட் 1990-களில் சான் டியேகோவுக்குப் போய், ஃபுட்டியில் எல்லோரும் உதைக்கும் டிராப் பண்ட் முறையை அங்கே காட்டினார். அமெரிக்கர்களின் வழக்கமான உதையில் பந்து திருகாணிபோல் சுழன்று வெகு தூரம் போகும். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது, பல நேரம் எல்லைக்கோட்டுக்குள் உருண்டு போய்விடும், அப்போது எதிரணிக்கு இருபது கெஜம் இலவசமாகக் கிடைக்கும். டிராப் பண்டில் பந்து தலைகீழாகப் பின்னோக்கிச் சுழன்றபடி போகும். விழுந்த இடத்தில் நிற்கவோ சற்றுப் பின்வாங்கவோ செய்யும். அதனால் எதிரணியை அவர்களுடைய எல்லைக்கோட்டுக்கு ஐந்தாறு கெஜம் முன்னால் முடக்க முடியும். இந்த ஒரு நுட்பம் என்.எஃப்.எல்.லின் உதையையே மாற்றியது. பென்னட் அந்தப் பத்தாண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவருக்குப் பின் ஜீலாங் அணியின் பென் கிரஹாம் 2005-இல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். 2009-இல் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்காக சூப்பர் பவுலில் ஆடினார். காலிங்வுட்டிலும் நார்த் மெல்பர்னிலும் ஆடி முடித்த சாவ் ரோக்கா, முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஃபிலடெல்ஃபியாவில் புதுமுகமானார். 2007-இல் நேதன் சாப்மன் மெல்பர்னில் தொடங்கிய புரோகிக் பயிற்சி நிலையத்திலிருந்து இளைஞர்கள் ஆண்டுதோறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகையுடன் போகிறார்கள். அங்கே கல்லூரி ஆட்டத்தின் சிறந்த உதையாளருக்குக் கொடுக்கும் ரே கை விருதை 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகளும் ஆஸ்திரேலியர்களே வென்றார்கள்.

இவர்களில் ஒருவரின் ஒரே ஒரு உதையை இங்கே விவரிக்க விரும்புகிறேன். 2021 அக்டோபரில் சியாட்டில் சீஹாக்ஸ் அணி, இப்போது மெல்பர்னுக்கு வரும் அதே ராம்ஸ் அணியுடன் ஆடியது. சிட்னியில் ஃபுட்டி ஆடி வளர்ந்த மைக்கேல் டிக்சன் சியாட்டிலுக்காக உதைத்தார். ராம்ஸ் வீரர் ஒருவர் பாய்ந்து வந்து அந்த உதையைக் கையால் தடுத்துவிட்டார்; பந்து பக்கவாட்டில் தரையில் உருண்டது. வேறு யாராக இருந்தாலும் அதன்மேல் விழுந்து பந்தைக் காப்பாற்றுவதோடு நின்றிருப்பார். டிக்சன் ஓடிப்போய்க் குனிந்து அதை அள்ளி, வலப்புறம் ஓடியபடியே, எதிரிகள் மேலே வந்து விழுவதற்குள் இரண்டாம் முறை உதைத்தார். பந்து அறுபத்தெட்டு கெஜம் போனது. ஒரே முயற்சியில் இரண்டு முறை உதைக்கலாமா என்று நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அவர் ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டவில்லை என்பதால் செல்லும் என்றார்கள். அமெரிக்க வர்ணனையாளர்கள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று வியந்தார்கள். ஆனால் மெல்பர்னில் சனிக்கிழமை காலைகளில் பூங்காவுக்குப் போனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உருளும் பந்தை அள்ளி ஓடிக்கொண்டே உதைப்பதைப் பார்க்கலாம். இந்தக் காட்சியை ஒரு ஃபுட்டி ரசிகருக்குப் போட்டுக்காட்டி, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று விளக்கினால் போதும், அவர் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார். குவார்ட்டர்பேக்கின் வீச்சைக் காட்டும் விளம்பரத்தைவிட இது இங்கே பத்து மடங்கு வேலை செய்யும்.

ஆட்களின் வழியே ஆட்டத்துக்குள் போகும் வழக்கமும் எங்களுக்கு உண்டு. அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எங்கே நின்றுவிடும் என்பதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 2015-இல் ரக்பி லீக் நட்சத்திரம் ஜாரிட் ஹேன் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குப் போனபோது அவருடைய ஒவ்வொரு ஓட்டமும் இங்கே செய்தியானது. அவர் அடுத்த ஆண்டே அந்த ஆட்டத்தை விட்டதும் செய்தியும் நின்றது. ஜோர்டன் மைலாட்டாவின் கதை வேறு விதமானது. சமோவா வம்சாவளியில் சிட்னியின் பாங்க்ஸ்டவுனில் பிறந்து ரக்பி லீக் ஆடிய அவர், ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில்கூட ஆடாமலேயே 2018-இல் ஏழாவது சுற்றில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் களமிறங்கி ஆடி வென்ற முதல் ஆஸ்திரேலியர் ஆனார். அன்று திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை நான் நகரத்தில் ஒரு மதுக்கடையில் நின்று பார்த்தேன். மைலாட்டாவின் முகம் திரையில் வந்தபோதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் அவர் அந்த ஆட்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் திரை ஒருமுறைகூட நிதானமாகக் காட்டவில்லை. குவார்ட்டர்பேக்கின் பார்வை படாத இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறவரை, பின்னோக்கிக் காலடி வைத்துக்கொண்டே இரண்டு கையாலும் நெஞ்சில் தாங்கி மூன்று விநாடி நிறுத்திவைப்பதுதான் அவர் வேலை. ரக்பி ஆடிய எவருக்கும் அது எவ்வளவு கடினம் என்று தெரியும். கேமரா பந்தைத் தொடர்ந்து போய்விட்டது. மைலாட்டாவுக்காக வந்தவர்கள் மைலாட்டாவைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள்.

எதிர்ப்பின் இன்னொரு பக்கம் ஆட்டத்தைப் பற்றியதே அல்ல. எங்கள் விளையாட்டுகள் அமெரிக்க மயமாகின்றன என்ற பழைய மனக்குறை அது. இதில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்கான ஏ.எஃப்.எல்., வி.எஃப்.எல். என்ற பழைய பெயரில் இருந்தபோது 1986-இல் கொண்டுவந்த வீரர் தேர்வு முறையும் 1987-இல் கொண்டுவந்த சம்பள உச்சவரம்பும் அமெரிக்க விளையாட்டு நிர்வாகச் சிந்தனையிலிருந்து வந்தவைதான். அவை இல்லாவிட்டால் பணக்கார சங்கங்கள் நான்கு மட்டுமே இன்று கோப்பையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். டெக்சாஸில் பிறந்து கூடைப்பந்து ஆடிய மேசன் காக்ஸ் காலிங்வுட்டுக்கு வந்து, 2018-இல் இறுதிக்கு முந்தைய சுற்றில் அதே எம்.சி.ஜி.யில் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்து, 2023-இல் கோப்பையும் வென்றபோது அவரை இந்த ஊர் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. வெளியிலிருந்து வருவதை வெறுக்கும் ஊர் இது இல்லை. கோல் விழுந்ததும் அலறும் இசையும், மாலை நேரத்துக்கு மாற்றத் துடிக்கும் இறுதி ஆட்டமும்தான் பலரை எரிச்சலூட்டுகின்றன. பிற்பகலில் பகல் வெளிச்சத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தை ஒரு தலைமுறையே தன் உரிமையாகக் கருதுகிறது. உங்கள் பருவம் தொடங்கும் செப்டம்பர், இந்த ஊரில் ஏ.எஃப்.எல். இறுதிச்சுற்று நடக்கும் மாதம் என்பதை ஒருபோதும் சிறியதாக எண்ணிவிட வேண்டாம். அந்த மாதத்தில் எம்.சி.ஜி.யின் புல் யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுந்தால் ரசிகர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

இனி அரசுக்கு ஒரு சொல். 2026-இல் விக்டோரியாவின் ஊர்ப்புறங்களில், ஜீலாங், பல்லாரட், பெண்டிகோ போன்ற நகரங்களில் நடந்திருக்க வேண்டியது காமன்வெல்த் விளையாட்டுகள். செலவு கட்டுக்கடங்காது என்று சொல்லி 2023 ஜூலையில் அவற்றைக் கைவிட்டு, 380 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுத்தீர்கள். அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே வாதிட நான் வரவில்லை. அதே ஆண்டில் தலைநகரின் நடுவில் ஓர் அமெரிக்க லீக்கை வரவழைத்து விழா நடத்தும்போது, பல்லாரட்டில் தன் நகரத்துக்கு ஒரு தடகளப் பாதை வரும் என்று காத்திருந்தவருக்கு வயிறு எரியும் என்பதை உணர வேண்டும். இந்த ஆட்டத்துக்கு மக்கள் வரிப்பணம் எவ்வளவு போகிறது, அதற்கு ஈடாக எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் திறந்து சொல்லிவிட்டால் எதிர்ப்பில் பாதி தணியும். சுற்றுலா வருமானம் என்ற பொதுச்சொல் மட்டும் போதாது.

பெற்றோரின் தயக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலையில் அடிபடுவதைப் பற்றி இந்த நாடு இப்போது மிகுந்த கவனத்தோடு பேசுகிறது. ஃபுட்டியின் பெருவீரர் கிரஹாம் ஃபார்மரின் மூளையில் அடிகளால் விளைந்த சிதைவு நோய் இருந்தது அவர் மறைவுக்குப் பின் 2020-இல் தெரியவந்தது. தலைக்காயங்களுக்காக முன்னாள் வீரர்கள் ஏ.எஃப்.எல். மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். என்.எஃப்.எல். தன் முன்னாள் வீரர்களுக்குக் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்ததையும் இங்குள்ளவர்கள் படித்திருக்கிறார்கள். ஆகவே கவசமும் தலைக்கவசமும் அணிந்த ஆட்டத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவது எளிதல்ல, அப்படிக் கொண்டுவரவும் வேண்டாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருக்கும் கொடிக் கால்பந்து, அதாவது மோதாமல் இடுப்பில் தொங்கும் கொடியை உருவும் ஆட்டம், சிறுமிகளும் சிறுவர்களும் சேர்ந்து ஆடக்கூடியது. உங்கள் முயற்சியை அதில் குவிப்பதே நல்லது.

இவ்வளவையும் வைத்து நான் கேட்பவை எளியவை. மெல்பர்னில் நடக்கும் ஆட்டத்தைக் கட்டணச் சேனலுக்குள் பூட்டாமல் நாடு முழுவதும் இலவசத் தொலைக்காட்சியில் காட்டுங்கள். மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயமும் ஃபுட்டியும் எல்லோர் வீட்டுக்கும் இலவசமாகப் போக வேண்டும் என்று சட்டமே வகைசெய்திருக்கும் நாடு இது. அமெரிக்கக் கால்பந்து அந்தப் பட்டியலில் இல்லை என்பது நீங்கள் தாராளமாக நடந்துகொள்வதைத் தடுக்கவில்லை. இங்குள்ள வர்ணனையாளர்களோடு பென்னட், கிரஹாம் போன்ற ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லச் செய்யுங்கள். விளம்பரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. கால் பகுதிகளுக்கு இடையில் போடுங்கள், டவுன்களுக்கு இடையில் வேண்டாம். அமெரிக்க மாலை நேரத்துக்குப் பொருந்த ஆட்டம் மெல்பர்னில் வேலைநாளின் காலையில் தொடங்கினால், அன்று பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்காக அதே மாலையில் முழு ஆட்டத்தையும் மறுஒளிபரப்பு செய்யுங்கள்.

மைதானத்தைப் பற்றியும் ஒன்று. உங்கள் ஆடுகளம் ஏறக்குறைய 110 மீட்டர் நீளமும் 49 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். எம்.சி.ஜி. 140 மீட்டருக்கு மேல் அகலமான நீள்வட்டம். ஆக, பக்கவாட்டு இருக்கைகளுக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் இருபுறமும் நாற்பது மீட்டருக்கு மேல் வெறும் புல் கிடக்கும். மேலடுக்கில் இருப்பவருக்கு பந்து எங்கே என்றே தெரியாது. அந்த வெற்றிடத்தை விளம்பரப் பலகைகளாலும் மேடைகளாலும் நிரப்பிவிடாமல், பெரிய திரைகளில் அமெரிக்காவின் பயிற்சியாளர்கள் பார்ப்பது போன்ற மேலிருந்து பிடித்த முழுக்களக் காட்சியை நேரடியாகக் காட்டுங்கள். இருபத்திரண்டு பேரும் ஒன்றாகத் தெரியும் அந்தக் கோணத்தில்தான் இந்த ஆட்டம் புரியும். தொலைவில் இருக்கும் இருக்கைகளுக்கு ஃபுட்டி ஆட்டத்துக்கு வாங்கும் விலையே வாங்குங்கள். அவற்றில் ஒரு பங்கை மாநிலத்தின் கிரிடைரன் (அமெரிக்கக் கால்பந்துக்கு இங்குள்ள பெயர்) சங்கங்களுக்கும் கொடிக் கால்பந்து ஆடும் பள்ளிகளுக்கும் ஒதுக்குங்கள். 1980-களிலிருந்து இங்கே அந்த ஆட்டத்தைத் தங்கள் சொந்தக் காசில், வாடகைத் திடல்களில், கோடு போடுவதிலிருந்து தோள்கவசம் துவைப்பது வரை தாங்களே செய்து உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள். கோல்டு கோஸ்டில் நீங்கள் தொடங்கியிருக்கும் அகாடமி, அமெரிக்காவுக்கு அனுப்பத்தக்க சிலரைத் தேர்ந்தெடுக்கிறது; நல்லது. மீதிப்பேர் ஆட ஒரு திடலும் விளக்குக் கம்பமும் நடுவர் பயிற்சியும் வேண்டும். ஆட்டத்துக்கு வரும் அணிகள் பயிற்சி செய்யும் நாட்களில் ஒருநாளையாவது அந்தச் சங்கங்களின் பயிற்சியாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். பெண்டிகோவிலும் பல்லாரட்டிலும் தலா ஒரு கொடிக் கால்பந்துத் திடலுக்காவது அரசும் லீக்கும் சேர்ந்து செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒளிபரப்பு, சீட்டு ஒதுக்கீடு, உள்ளூர்ச் சங்கங்களுக்கான நிதி ஆகிய மூன்றிலும் உங்கள் முடிவை, அடுத்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெல்பர்னில் வாழும் ஒரு விளையாட்டு ரசிகன்